அடுத்த எம்3 செடான்: என்ன இன்ஜின், சேலத்தில் என்ன விலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎம்டபிள்யூவின் அடுத்த எம்3 (3 சீரிஸ் காரின் அதிவேக வடிவம்) பற்றி நம்ம ஊர் கார்ப் பைத்தியங்கள் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன், தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. கம்பெனி சொன்னது எது, என் ஊகம் எது என்று அங்கங்கே பிரித்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். இன்ஜின் என்ன என்பதை முனிச்சில் உள்ள கம்பெனித் தலைமையகம் முடிவு செய்யும், விலை என்ன என்பதை வரி போடும் டெல்லி முடிவு செய்யும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வாட்ஸப்பில் 90 லட்சம் என்றும் இரண்டரைக் கோடி என்றும் ஒரே நாளில் இரண்டு விலை சுற்றுகிறது.

இனி எல்லாமே கரண்ட் வண்டிதானாமே, பெட்ரோல் எம்3 முடிந்ததா?

முடியவில்லை. எம்3 என்ற பெயரில் இரண்டு வண்டி வரப்போகிறது: ஒன்று முழு மின்சாரம், இன்னொன்று பெட்ரோல். இது ஊகம் இல்லை, கம்பெனி ஆட்களே வெளிப்படையாகச் சொன்னது. மின்சார எம்3 "நியூ கிளாஸே" என்ற புதிய அடித்தளத்தில் வருகிறது, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார். முதலில் வருவது அதுதான், 2027 என்கிறார்கள். பெட்ரோல் அதற்குப் பின்னால் வரும்.

ஒரு சின்னத் தடயமும் இருக்கிறது. இப்போதைய எம்3 செடான் உருவாவது முனிச் ஆலையில். அந்த ஆலை 2027 இறுதியிலிருந்து மின்சார வண்டி மட்டுமே செய்யும் என்று 2024 தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே பெட்ரோல் எம்3க்கு வேறு ஆலைக்குப் போக வேண்டும், ஆலை மாற்றம் என்றால் தேதி தள்ளிப்போவது சகஜம். நம்ம ஊர் தீபாவளிக்குள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டுத் தீபாவளி என்று திருப்பிக் கேளுங்கள்.

நான்கு சிலிண்டருக்கு இறக்கிவிடுவார்களா?

எனக்கு அந்தப் பயம் இல்லை. காரணம் பிஎம்டபிள்யூ இல்லை, மெர்சிடிஸ். அவர்கள் எம்3க்கு நேர் போட்டியான ஏஎம்ஜி சி63 வண்டியிலிருந்து எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைக் கழற்றிவிட்டு 2 லிட்டர் நான்கு சிலிண்டரோடு மின் மோட்டாரைச் சேர்த்தார்கள். காகிதத்தில் 680 எச்பி, 1020 நியூட்டன் மீட்டர், எந்தப் போட்டிக்காரனும் அருகில் வர முடியாத எண்கள். இந்தியாவுக்கும் 2024 நவம்பரில் 1.95 கோடிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த வண்டியை வாங்கக்கூடியவர்கள் கேட்டது எண்ணை இல்லை, சத்தத்தை. உலகம் முழுக்க அதற்குக் கிடைத்த வரவேற்பு மந்தம்தான். பக்கத்து வீட்டுக்காரன் கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகும் பிஎம்டபிள்யூ அதே அடுப்பில் கை வைக்காது.

எம்3 நான்கு சிலிண்டரோடுதான் பிறந்தது என்பதும் உண்மை. 1986ல் வந்த முதல் எம்3ல் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர். அடுத்த தலைமுறையில் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், அதாவது நேர்வரிசை ஆறு, பிறகு ஒரே ஒரு தலைமுறைக்கு 4 லிட்டர் வி8, அது 8,400 சுற்று வரை கத்தும். அதன் பிறகு மறுபடி நேர்வரிசை ஆறுக்கே திரும்பி டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) போட்டுக்கொண்டார்கள். அடுத்ததும் நேர்வரிசை ஆறுதான் என்று பிஎம்டபிள்யூவின் வேகக் கார்களைச் செய்யும் எம் பிரிவின் தலைவர் ஃபிராங்க் ஃபான் மீல் பேட்டிகளில் சொல்லிவருகிறார். ஆக இந்தக் கேள்விக்கு ஊகமே தேவையில்லை.

அப்படியென்றால் இப்போது இருக்கும் அதே எஸ்58 இன்ஜின்தானா?

அடிப்படை அதுதான். 2993 சிசி, இரண்டு டர்போ, 2019ல் எக்ஸ்3 எம் வண்டியில் முதலில் வந்தது. இப்போதைய எம்3 காம்படிஷன் நான்கு சக்கர இழுவையில் 530 எச்பி, 650 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஊகிக்க வேண்டியது ஐரோப்பாவின் புதிய புகை விதியான யூரோ 7க்காக அதில் என்ன மாற்றுவார்கள் என்பதைத்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. பெரிய டர்போ இன்ஜினை முழு வேகத்தில் மிதிக்கும்போது உள்ளே சூடு எகிறும். டர்போவும் எக்சாஸ்ட்டும் வெந்துபோகாமல் இருக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துக் குளிர வைப்பது பழைய வழக்கம். முழுதாக எரியாத அந்தப் பெட்ரோல் கார்பன் மோனாக்சைடாக வெளியே போகிறது. ஐரோப்பிய விதிகள் இறுக இறுக அந்தச் சௌகரியம் போய்க்கொண்டிருக்கிறது. காற்றும் பெட்ரோலும் எல்லா நேரமும் சரியான விகிதத்தில் எரிய வேண்டும், அதே சமயம் எச்பியும் குறையக் கூடாது.

இதற்கு ஒரு வழி, ஸ்பார்க் பிளக்கைச் சுற்றிச் சுண்டைக்காய் அளவில் ஒரு சின்ன அறை வைப்பது. முதலில் அந்த அறைக்குள் நெருப்புப் பற்றி, சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகச் சிலிண்டருக்குள் ஒரே நேரத்தில் பல பக்கமும் பாயும், எரிவது வேகமாக முடிந்துவிடும், சூடும் கட்டுக்குள் இருக்கும். மாசெராட்டி தன் நெட்டூனோ வி6 இன்ஜினில் இதைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டது. எம்3க்கும் இதுவோ இதன் தம்பியோ வரும் என்பது என் ஊகம். கூடவே 48 வோல்ட் சின்ன மோட்டார் ஒன்று கியர்பாக்ஸ் பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்றும் நினைக்கிறேன். சிக்னலில் இன்ஜின் நின்று கிளம்புவதற்கும், டர்போ மூச்சு எடுக்கும் அந்த அரை நொடியை நிரப்புவதற்கும் அது உதவும்.

எம்5 மாதிரி முழு பிளக்-இன் ஹைபிரிட்டாக (பெட்ரோல் இன்ஜினோடு, சார்ஜ் போடும் பேட்டரியும் மோட்டாரும்) வந்தால்?

வராது என்றுதான் நினைக்கிறேன், வந்தால் வருத்தப்படுவேன். இப்போதைய எம்5ல் 4.4 லிட்டர் வி8, மோட்டார், 18.6 கிலோவாட் மணி பேட்டரி எல்லாம் சேர்ந்து 727 எச்பி. எடை 2.4 டன்னைத் தாண்டிவிட்டது. நேர் ரோட்டில் அந்த எடை தெரியாது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தெரியும், ஏற்காட்டு வளைவில் இன்னும் நன்றாகத் தெரியும். எம்3 என்ற பேரே அளவான உடம்புக்குக் கிடைத்த பேர். அதன் மேல் நானூறு ஐநூறு கிலோவை ஏற்றினால் பேட்ஜ் மட்டும்தான் மிச்சம்.

எச்பி எவ்வளவு வரும்? ஒரு எண் சொல்லுங்கள்.

540ஐ ஒட்டி. முன்னே பின்னே பத்து இருபது இருக்கலாம். சிறப்புப் பதிப்பான எம்3 சிஎஸ் இதே இன்ஜினில் 550 எடுத்துக் காட்டிவிட்டது, ஆகவே இன்ஜினுக்குச் சக்தி இல்லை என்பதில்லை. 600 என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. பெரிய எண்ணைக் காட்டும் வேலையை மின்சார எம்3 பார்த்துக்கொள்ளும்போது பெட்ரோல் வண்டியை எதற்கு வதைக்க வேண்டும்?

மேனுவல் கியர்?

ஆசை வைக்காதீர்கள். இப்போதைய எம்3ல்கூட மேனுவல் கியர்பாக்ஸ் வாங்கினால் இழுவை 550 நியூட்டன் மீட்டரோடு நிறுத்தப்படுகிறது, ஆட்டோமேட்டிக்கில்தான் 650. கியர்பாக்ஸ் தாங்காது, அவ்வளவுதான் காரணம். புதிதாக ஒன்று வடிவமைக்க வாங்கும் கூட்டம் போதாது. கிளட்ச் மிதித்தே தீருவேன் என்பவர்கள் இதைவிடச் சின்ன இரண்டு கதவு வண்டியான எம்2 பக்கம் பாருங்கள், இந்தியாவிலேயே மேனுவலோடு விற்றார்கள்.

முதலில், இது இந்தியாவுக்கு வருமா?

நியாயமான கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. இதற்கு முந்தைய தலைமுறை எம்3 செடான் 2014 இறுதியில் இங்கே வந்தது, ஏறக்குறைய 1.2 கோடிக்கு. ஆனால் இப்போதைய தலைமுறையில் எம்3ஐக் கொண்டுவராமல் இரண்டு கதவு எம்4ஐ மட்டும் கொண்டுவந்தார்கள். ஏன் என்று கம்பெனி விளக்கவில்லை. என் கணக்குப்படி செடான் கேட்கிறவனுக்கு எம்340ஐ (எம்3க்கு ஒரு படி கீழே உள்ள ஆறு சிலிண்டர் செடான்) போதும், படம் காட்ட நினைக்கிறவனுக்கு எம்4 இருக்கிறது, நடுவில் எம்3க்கு இடம் இல்லை என்று நினைத்திருப்பார்கள். அடுத்ததும் வராமலே போகலாம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள விலைக் கணக்கைப் படிக்க வேண்டும்.

சரி, விலை?

எக்ஸ் ஷோரூம் 1.6 கோடி, சேலத்தில் ஆன்-ரோடு 2 கோடி. இது பெட்ரோல் எம்3க்கு, இன்றைய வரி அப்படியே இருந்தால். எப்படி வந்தேன் என்று சொல்கிறேன், பிடிக்கவில்லை என்றால் நீங்களே எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

துறைமுகத்தில் இறங்கும்போது வண்டியின் மதிப்பு 50 லட்சம் என்று வையுங்கள். இது என் ஊகம், எம்4ஐ 2024ல் 1.53 கோடிக்கு விற்றதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, புதிய மாடல் என்பதால் கொஞ்சம் கூட்டியது. முழு வண்டியாக இறக்குமதி செய்தால், 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கார்களுக்குச் சுங்கம் மொத்தமாக 110 சதவீதம். 2025 பட்ஜெட்டில் சுங்கத்தை 70ஆகக் குறைத்தோம் என்று தலைப்புச் செய்தி வந்ததே என்பீர்கள். குறைத்தார்கள், கையோடு 40 சதவீத வேளாண் கட்டமைப்பு செஸ் ஒன்றைச் சேர்த்தார்கள். கூட்டிப் பாருங்கள், பழைய 110 அப்படியே நிற்கும். ஆக 50 லட்சத்துக்கு 55 லட்சம் சுங்கம், மொத்தம் 1.05 கோடி.

அதன் மேல் கம்பெனிக்கும் டீலருக்கும் சேர்த்து ஒரு 10 லட்சம் வைத்தால் 1.15 கோடி. இதற்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், 46 லட்சம். எக்ஸ் ஷோரூம் 1.61 கோடி ஆகிவிட்டது. இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22க்கு முன்னால் இதே வண்டிக்கு ஜிஎஸ்டி 28, செஸ் 20, மொத்தம் 48 சதவீதம் இருந்தது. அந்த எட்டு சதவீதம் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் மிச்சம்.

அப்புறம் நம்ம மாநிலம். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 1.61 கோடிக்கு 32 லட்சம். டிஎன் 30 என்று ஒரு பலகை மாட்ட 32 லட்சம்! இன்சூரன்ஸ் ஐந்து லட்சம் என்று வைத்தாலும், ஒரு சதவீத டிசிஎஸ் (வாங்கும்போதே பிடித்துவைக்கும் வருமான வரி) சேர்த்தாலும், 2 கோடியில் வந்து நிற்கும். டிசிஎஸ் மட்டும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மற்றது போனது போனதுதான்.

50 லட்சம் வண்டிக்கு ஒன்றரைக் கோடி வரியும் இதர செலவும். நேர்வரிசை ஆறா, வி8ஆ, 530ஆ, 560ஆ என்று நாம் விடியவிடியப் பேசுவதெல்லாம் இந்தக் கணக்கில் ஐந்து லட்சத்துக்கு மேல் அசைக்காது.

பிஎம்டபிள்யூவுக்குச் சென்னையில் ஆலை இருக்கிறதே, அங்கே பூட்டினால் விலை குறையாதா?

குறையும், தாறுமாறாகக் குறையும். செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007லிருந்து அந்த ஆலை ஓடுகிறது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் சுங்கம் 110க்குப் பதில் 15 சதவீதத்தை ஒட்டித்தான். எம்340ஐ அப்படித்தான் வருகிறது. 2021 மார்ச்சில் 62.90 லட்சத்துக்கு அறிமுகமானபோது அந்த விலைக்கு ஆறு சிலிண்டரா என்று எல்லாரும் வாயைப் பிளந்ததற்கு இதுதான் காரணம். 2024 இறுதியில் அது 74.90 லட்சம் ஆகியிருந்தது.

ஆனால் முழு எம் வண்டியை இங்கே பூட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்டுக்குக் கைவிரல் மடக்கி எண்ணுகிற அளவு விற்கும் வண்டிக்கு ஜிக், கருவி, ஆள் பயிற்சி எல்லாம் போட்டால் கட்டுப்படியாகாது.

ஐரோப்பாவோடு ஒப்பந்தம் போட்டாச்சே, இனி எல்லாம் பாதி விலைதானே?

2026 ஜனவரி 27 அன்று பேச்சுவார்த்தை முடிந்தது என்று இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அறிவித்தன. கார்களுக்கான 110 சதவீதம் படிப்படியாக 10 வரை இறங்கும், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டி என்ற வரம்புக்குள். "படிப்படியாக", "வரம்புக்குள்" என்ற இரண்டு சொல்லையும் நம்ம ஆட்கள் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். ஒப்பந்தம் அறிவித்த மறுநாளே ஷோரூமில் பேரம் பேசினால் சேல்ஸ்மேன் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பார்.

கடைசிக் கட்டமான 10 சதவீதத்தை எடுத்துக்கொண்டு மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போடலாம். 50 லட்சத்துக்கு 5 லட்சம் சுங்கம், 10 லட்சம் மார்ஜின், 65 லட்சத்துக்கு 40 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 91 லட்சம் எக்ஸ் ஷோரூம். வாட்ஸப்பில் சுற்றும் 90 லட்சம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கணக்கு தப்பில்லை, அந்தத் தேதிதான் தப்பு. இன்னொன்று, வரி குறைந்தால் அத்தனையும் வாங்குகிறவன் கைக்கு வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கம்பெனி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், யூரோ ஏறினால் அது ஒரு பங்கை விழுங்கும்.

மின்சார எம்3 பெட்ரோலைவிட விலை கூடுதலாக இருக்குமா?

ஜெர்மனியில் கூடுதலாக இருக்கலாம். நம்ம ஊரில் தலைகீழாகப் போக வாய்ப்பு இருக்கிறது, இதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். இறக்குமதி மதிப்பைப் பெட்ரோலைவிடப் பத்து லட்சம் கூட்டி 60 என்றே வைப்போம். சுங்கம் 66, மார்ஜின் 10, மொத்தம் 1.36 கோடி, அதன் மேல் 5 சதவீதம், எக்ஸ் ஷோரூம் 1.43 கோடி. பெட்ரோல் 1.61. அதற்கு மேல் தமிழ்நாடு மின்வண்டிகளுக்குச் சாலை வரி விலக்குக் கொடுத்துவருகிறது, பதிவு செய்யும் நாளில் அது நீடித்தால் அந்த 32 லட்சமும் இல்லை. ஆன்-ரோடில் ஒன்றரைக் கோடிக்குள் முடியலாம். அரைக் கோடி வித்தியாசம்! சத்தம் வேண்டும் என்கிறவன் அந்தச் சத்தத்துக்கு மட்டும் கொடுக்கும் விலை அது.

எனக்கு நான்கு மோட்டார் விஷயத்தில் உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து வெளிப்பக்கத்தை முன்னுக்குத் தள்ளினால் 2.3 டன் வண்டியும் தன்னாலே திரும்பும். சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் எந்த டிஃபரன்ஷியல் கியராலும் அந்த வேகத்தில் அதைச் செய்ய முடியாது.

ஏற்காடு ஏறினால் பேட்டரி காலியாகிவிடுமே?

சின்னக் கணக்குதான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் கூடுதல். 2.3 டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க ஏழரை கிலோவாட் மணி போதும், இழப்பு எல்லாம் சேர்த்து ஒன்பது பத்து. நூறை ஒட்டிய பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. இறங்கும்போது அதில் பாதி திரும்ப வந்துவிடும், பிரேக் பேடும் தேயாது. ஆனால் அடிவாரத்திலேயே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு மேலே போகிறேன் என்பவர்கள் கவனத்துக்கு: மேலே தங்கி அங்கேயும் முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால் திரும்பும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. 85ல் நிறுத்துங்கள்.

பாண்டிச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சமாகுமே, நம்ம ஊரில் நாலு பேர் செய்திருக்கிறார்களே?

செய்திருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், அப்போது இங்கத்திய வரியும் கட்ட வேண்டும். ஜவ்வரிசி ஆலைக்கு முன்னால் ஒரு மாருதி நின்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பச்சை நிற எம்3 நின்றால் அஸ்தம்பட்டியில் வரும்போதே நாலு பேர் போட்டோ எடுத்திருப்பார்கள். ஒளித்து வைக்கக்கூடிய வண்டி இல்லை இது.

கம்பெனி பேரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்ப எடுக்கலாமா?

முடியாது. 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது, வண்டி விற்பவர், டாக்ஸி ஓட்டுபவர், ஓட்டுநர் பயிற்சி நடத்துபவர் மாதிரிச் சிலருக்கு மட்டும் விலக்கு. வருமான வரியில் தேய்மானம் காட்டலாம். கொலுசுப் பட்டறைக்கு எம்3 எதற்கு என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்பதை உங்கள் ஆடிட்டரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது கொண்டை ஊசிக்கு 540 எச்பி தேவையா?

தேவை என்று பார்த்தால் 150 எச்பிக்கே ஏற்காட்டில் வேலை கிடையாது. இரண்டு வளைவுக்கு நடுவில் கிடைக்கும் நேர் ரோடு சில நூறு மீட்டர், அதிலும் எதிரே பஸ் வரும். பஸ் வளைவில் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும், இப்போதைய எம்3ன் அகலம் 1.9 மீட்டர், இரண்டும் ஒரே வளைவில் சந்தித்தால் நீங்கள்தான் பின்னுக்கு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் கோடை விழா நாட்களும் சொல்லவே வேண்டாம், ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்து போவீர்கள்.

டர்போவுக்கு ஒரு நன்மை மலையில் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அதே விகிதத்தில் மூச்சு வாங்கும். டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிச் சமாளித்துக்கொள்ளும். பழைய 1.2 லிட்டர் வண்டியில் நாலு பேரோடு ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உண்மையான தொந்தரவு வயிற்றில். இந்த வண்டிக்குத் தரை இடைவெளி 120 மில்லிமீட்டர் அளவுதான், சக்கர இடைவெளி 2.86 மீட்டர். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், அது தாண்டலாம். நம்ம கிராமத்தில் பஞ்சாயத்து முடிவெடுத்து ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய வேகத்தடைக்கு எந்தக் காங்கிரஸும் அளவு சொல்லவில்லை. குப்பனூர் வழியாக இறங்க நினைத்தால் முதல் நாள் பைக்கில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.

முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஏற்காடு இடம் இல்லை. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை இருக்கிறது. டிராக் டே நடக்கும் நாளில் போனால் யார் உயிருக்கும் ஆபத்து இல்லாமல் ஆறாம் கியர் வரை போகலாம்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) போட்டால் இன்ஜின் கெடுமா?

புது வண்டிக்கு அந்தக் கவலை வேண்டாம், இந்தியாவில் இன்று விற்கும் புது வண்டிகள் இ20க்கு ஏற்றவைதான். எத்தனால் ஆக்டேனை ஏற்றும், டர்போ இன்ஜினுக்கு அது பிடிக்கும். மைலேஜ் குறையும், ஆனால் 2 கோடி கொடுத்தவர் பங்கில் மைலேஜ் பேசினால் பார்க்க நன்றாக இருக்காது. முழுச் சக்தியும் வேண்டுமென்றால் 100 ஆக்டேன் போடலாம், எல்லாப் பங்கிலும் கிடைக்காது.

ஒருவர் இப்போதே அட்வான்ஸ் வாங்குகிறாராம், "அலாட்மென்ட்" உறுதி என்கிறார். கொடுக்கலாமா?

விலை அறிவிக்காத, இந்தியாவுக்கு வரும் என்றே அறிவிக்காத வண்டிக்கு என்ன அலாட்மென்ட்? கம்பெனி புக்கிங் திறந்த பிறகு, கம்பெனி ரசீதோடு, திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு முன் கொடுப்பது வட்டியில்லாக் கடன்.

கடைசியாக, காத்திருக்கவா, எம்340ஐ எடுத்துவிடவா?

கையில் ஒரு கோடிக்குள் இருந்தால், நான்கு பேர் உட்கார வேண்டும் என்றால், எம்340ஐ எடுங்கள். 374 எச்பி, நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில் தொடும், டிக்கி பெரிது, சாலை வரியெல்லாம் சேர்த்தும் 95 லட்சத்துக்குள் வரக்கூடியது. எம்3ல் இருப்பது வேறு இன்ஜின், வேறு சஸ்பென்ஷன், வேறு உடம்பு என்பது எனக்குத் தெரியும், ஆனால் சேலம் பெங்களூரு ரோட்டில் இரண்டுக்கும் ஒரே டோல்கேட்தான். அதன் அடுத்த தலைமுறையும் வரப்போகிறது, பெட்ரோல் வண்டிப் பெயர்களிலிருந்து "ஐ" எழுத்தை எடுத்துவருவதால் எம்350 என்ற பெயரில் வரலாம். சென்னையில் பூட்டப்படும் வாய்ப்பு அதற்குத்தான் அதிகம், ஆகவே எம்3ஐவிட அந்த வண்டியின் செய்தியைத்தான் நான் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2 கோடி ஒரு பொருட்டில்லை என்றால் காத்திருங்கள், ஆனால் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் முடிவெடுக்கும் முன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். எம் வண்டியை டெஸ்ட் டிரைவ் எடுக்க நம்ம ஊரிலிருந்து பெங்களூருவோ சென்னையோ போக வேண்டியிருக்கும், பெங்களூரு என்றால் காலையில் கிளம்பி சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்.